கவின் வந்துபோன வரிகள்

2025 ஜூன் 8, ஞாயிறு

பட்டறைக்கு லீவு. மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கிற பட்டறையில் சத்தம் இல்லாத ஒரே நாள் இதுதான். நேற்று விட்டுப்போன பில்களைப் போடலாம் என்று ஆபீஸ் அறையில் வந்து உட்கார்ந்தால் சிஸ்டம் நகரவே மாட்டேன் என்கிறது. முன்பெல்லாம் வாசலில் நின்று "டேய் கவினு" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், தம்பி வந்துவிடுவான். பென்டிரைவில் வைரஸ் வந்து வந்து சலித்துப்போய், விண்டோஸைத் தூக்கிவிட்டு இதில் லினக்ஸ் போட்டுக்கொடுத்தவனும் அவன்தான். போட்டுக்கொடுத்துவிட்டு வீட்டை விட்டே போய்விட்டான்.

இணையத்தில் தமிழில் லினக்ஸ் சொல்லிக்கொடுக்கிற ஒருவர் இருக்கிறார். சிஸ்டம் மெதுவாக இருந்தால் வேறு யாராவது உள்ளே வந்துபோகிறார்களா என்று முதலில் பாருங்கள் என்றார். கறுப்புத் திரையைத் திறந்து 'லாஸ்ட்' என்று அடித்தால், யார் எப்போது உள்ளே வந்தார், எப்போது போனார் என்று வரிவரியாகக் காட்டுமாம்.

அடித்தேன். என் பெயர், என் பெயர், என் பெயர். அப்புறம் கவின்.

போன ஞாயிறு. அதற்கு முந்தின ஞாயிறு. வீட்டை விட்டுப் போனதிலிருந்து எல்லா ஞாயிறும். எங்கோ வெளியூரிலிருந்து இணையம் வழியாக உள்ளே வந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போயிருக்கிறான். இன்று காலையிலும் வந்திருக்கிறான். நான் அப்போது துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. இத்தனை தூரம் வந்தவன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் என்ன, எருமை.

ஜூன் 9, திங்கள்

அம்மாவிடம் சொல்லிவிட நாக்கு துடிக்கிறது. சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னால் மத்தியானத்துக்குள் முகமே அப்பாவிடம் சொல்லிவிடும்.

கவின் மதுக்கரை யுவஸ்ரீயைக் கல்யாணம் செய்துகொண்டு போய் ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது. கூடப் படித்தவள். என்னோடு இரண்டு தடவை பேசியிருக்கிறாள், கெட்டிக்காரி. அவள் தாத்தா எங்கள் ஆட்களின் தோட்டத்தில் பண்ணையாளாக வேலைக்கு இருந்தவர். வேறென்ன குறை என்று கேட்டால் அப்பாவின் பங்காளிகளுக்குச் சொல்லத் தெரியவில்லை; அது ஒன்று போதாதா என்று திருப்பிக் கேட்டார்கள். அப்பா வாயே திறக்கவில்லை. எல்லாரும் போன பிறகு கவினுக்குப் போன் போட்டு, "இனி இந்த ஊட்டுக்குப் போன் வரக் கூடாது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு அம்மா தலையில் கை வைக்கச் சொன்னார்.

"போன் பண்ண மாட்டேன், மெசேஜ் போட மாட்டேன், போய்ப் பாக்க மாட்டேன்னு சொல்லு அம்மணி."

சொன்னேன். அம்மா அழுதுகொண்டிருந்ததால் அவள் தலை என் கைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது.

சத்தியம் செய்தது செய்ததுதான். ஆனால் 'லாஸ்ட்' அடிக்க மாட்டேன் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

வந்தான்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்தான். இப்போது உள்ளே இருப்பவர் யார் என்று கேட்க 'ஹூ' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதை அடித்தால் இரண்டு வரி வந்தது. மேலே லோகப்பிரியா என்று நான், கீழே கவின். நான் சிங்காநல்லூரில் இந்தப் பழைய நாற்காலியில், அவன் எந்த ஊரிலோ. திரையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

அவன் போன பிறகு என்ன செய்தான் என்று பார்த்தேன். அப்டேட் போட்டிருக்கிறான். பில் பைல்களுக்கெல்லாம் பேக்கப் எடுத்திருக்கிறான். அவ்வளவுதான்.

ஜூன் 20, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்! சிஸ்டத்துக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுகிற மாதிரி ஓர் அறிவிப்பு எழுதி வைக்கலாமாம். அதற்கென்றே ஒரு பைல் இருக்கிறது.

இது மெசேஜில் சேருமா? நம் வீட்டுச் சுவரில் நாம் எழுதுகிறோம், வருகிறவன் பார்த்தால் பார்க்கட்டும். இந்த வக்கீல் புத்தியை அப்பா மெச்ச மாட்டார், தெரியும்.

"எப்படிடா இருக்கிறாய்" என்று எழுதி அழித்தேன். அது மெசேஜேதான். "அம்மாவுக்குச் சர்க்கரை கூடிவிட்டது" என்று எழுதி அதையும் அழித்தேன். கடைசியில் ஆபீஸ் சமாச்சாரமாகவே இருக்கட்டும் என்று, "பிரிண்டர் பாதியில் நின்றுவிடுகிறது" என்று எழுதி வைத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

வந்தான், போனான். பிரிண்டர் ஓடுகிறது.

ஒரே பில்லைத் திரும்பத் திரும்ப அச்சடித்துப் பார்த்தேன். "காகிதத்த ஏங்கண்ணு தண்டம் பண்ற?" என்று அம்மா எட்டிப்பார்த்தாள்.

ஜூலை 6, ஞாயிறு

பழுது தீர்ந்துவிட்டது, அதுதான் இப்போது பிரச்சினை. தமிழ் எழுத்து உடைகிறது என்று எழுதினேன், சரிசெய்துவிட்டான். மவுஸ் துள்ளுகிறது என்றேன், அதையும் செய்தான். எழுத ஒன்றும் இல்லாமல்போகவே, நன்றாக இருந்த ஸ்கேனரை நானே கெடுத்தேன். அதன் அமைப்பு பைலைத் திறந்து ஒரு வரியை மாற்றிவிட்டு, "ஸ்கேனர் வேலை செய்யவில்லை" என்று பச்சைப்பிள்ளை மாதிரி அறிவிப்பு வைத்தேன்.

இன்று சரிசெய்திருக்கிறான். எப்படிச் செய்தான் என்று பைலைத் திறந்து பார்த்தால், நான் மாற்றிய வரிக்கு மேலே குறிப்பு எழுதியிருக்கிறான். மெஷின் அதைப் படிக்காது, மனிதர்கள் படிப்பதற்காக எழுதுகிற குறிப்பு.

"இது தானாகக் கெட்டது மாதிரித் தெரியவில்லையே, அக்கா."

அக்கா. ஒன்றரை வருஷமாக என்னை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. அந்த பைலை மூட மனசே வரவில்லை, மத்தியானச் சாப்பாட்டுக்கு அம்மா கூப்பிட்டும் போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 9, புதன்

புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை, கவின் உள்ளே வந்தால் சிஸ்டம் மணி அடிக்க வேண்டும். அவ்வளவுதான். முதலில் எழுதியது நான் வந்தாலும் அடித்தது. அடுத்து எழுதியது அடித்ததை நிறுத்தவே இல்லை.

"என்ன அம்மணி, ஆம்புலன்ஸ் வந்துபோட்ட மாதிரி?" என்று பட்டறையிலிருந்து அப்பா கத்தினார்.

"அப்டேட்டுங்ப்பா."

எதற்கும் அப்டேட் என்று சொல்லிவிடலாம், அப்பா மேற்கொண்டு கேட்க மாட்டார். சாயங்காலம் சரியாக வந்தது. எந்தப் பரீட்சையில் தேறியபோதும் நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஜூலை 13, ஞாயிறு

ஆடி பிறப்பதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று அவிநாசியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். மாப்பிள்ளையின் அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார், "ஏனுங்க, உங்களுக்கு எத்தன புள்ளைங்க?"

"ஒரே பொண்ணுதானுங்க" என்றார் அப்பா.

நான் டீத் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தேன். அம்மா என்னைப் பார்க்காமல் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். காலையில்தான் கவின் வந்து பேக்கப் எடுத்துவிட்டுப் போனான். அந்த மணிச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரே பொண்ணாம். எப்படிச் சொல்ல முடிந்தது இவருக்கு? எப்படி வாய் வந்தது?

ஜூலை 14, திங்கள்

அவிநாசிக்காரர்களுக்கு வேண்டாம் என்று சொல்லச் சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

எனக்குள் ஓர் ஆற்றாமை இருக்கிறது. யாரிடம் சொன்னாலும் இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்பார்கள். எங்களில் பையன் கல்யாணத்துக்கு முன்னால் அக்காவோ தங்கச்சியோ அவனுக்கு இணைச்சீர் செய்ய வேண்டும். ஒரே சேலையின் ஒரு முனை அவன் கையிலும் மறுமுனை அவளிடமும் இருக்க, சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்க்க நடக்கும். அன்றைக்குப் பெண்ணைவிட இணைச்சீர்க்காரிக்குத்தான் மவுசு அதிகம். கவின் எட்டாவது படிக்கும்போதே நான் சேலை நிறம் சொல்லி வைத்திருந்தேன், மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. "இப்பவே வாங்கிக் கட்டிக்கோ, எனக்குக் கல்யாணமே வேண்டாம்" என்பான்.

அவன் கல்யாணம் ரிஜிஸ்தர் ஆபீசில் நடந்ததாம். சாட்சிக் கையெழுத்து போட்டது யாரோ. நான் அன்றைக்கு இங்கே ஜிஎஸ்டி பில் சரிபார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு நோம்பி. அம்மா கச்சாயம் சுட்டாள். கவினுக்குப் பிடித்த பலகாரம் என்று யாரும் சொல்லவில்லை, யாருக்கும் தெரியாமலும் இல்லை.

அறிவிப்பில் இன்று பழுது எதுவும் எழுதவில்லை. "அம்மா கச்சாயம் சுட்டிருக்கிறாள்" என்று மட்டும் எழுதினேன். சத்தியத்துக்கு மிகப் பக்கத்தில் வந்துவிட்டேன் என்று தெரிந்துதான் எழுதினேன்.

மணி அடித்தது. வழக்கமாகச் சட்டென்று போய்விடுகிறவன் இன்று போகவில்லை. அப்டேட் போடவில்லை, பேக்கப் எடுக்கவில்லை, ஒரு பைலையும் தொடவில்லை. சும்மா இருந்தான். வெளியே பட்டாசு வெடித்தார்கள், அம்மா இரண்டு தடவை கூப்பிட்டாள். நானும் எழுந்திருக்கவில்லை. அவன் பெயர் திரையிலிருந்து போகிற வரைக்கும் அங்கேயே இருந்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

எதிர்த்த பட்டறை நஞ்சப்பன் மாமாவின் கம்ப்யூட்டருக்குள் எவனோ புகுந்து எல்லா பைல்களையும் பூட்டிவிட்டான். பணம் அனுப்பினால்தான் திறப்பானாம். மாமா எங்கள் வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "பாஸ்வேர்ட் என்னங்க மாமா வெச்சிருந்தீங்க?" என்று கேட்டேன். குலதெய்வத்தின் பெயரும் ஒன்று இரண்டு மூன்றுமாம். "சாமி பேரு வெச்சாப் பாதுகாப்பா இருக்கும்னு நெனச்சேன் கண்ணு." சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. பாவம், முகம் செத்துப்போயிருந்தது.

அப்பா பயந்துவிட்டார். தொழில் சங்கத்தில் சொல்லி, நம் சிஸ்டத்தையும் பார்க்க ஆள் வரச் சொல்லியிருக்கிறார்.

எனக்கும் பயம். ஆனால் என் பயம் வேறு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சங்கத்திலிருந்து ஹாரிகா என்ற பெண் வந்தாள். என்னைவிட இளையவள், வேலையில் படு சுத்தம். "கோயமுத்தூர்ல பாதிப் பேரு பாஸ்வேர்ட் குலதெய்வமுங்க, மீதிப் பேருக்கு வண்டி நம்பரு" என்று சிரித்தாள். அப்பா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் எதைச் சொல்லி அவரை வெளியே அனுப்புவது?

கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "வெளியில இருந்து ஒருத்தர் வாராவாரம் உள்ள வராருங்க. முழு அதிகாரமும் இருக்கு. பாஸ்வேர்ட் இல்ல, சாவி வெச்சிருக்காரு." திரையில் ஒரு முழ நீளத்துக்கு எழுத்தும் எண்ணுமாக ஒரு வரியைக் காட்டினாள். "இந்தச் சாவி யாருதுங்க அக்கா?"

அப்பா என்னைப் பார்த்தார்.

"தம்பியுதுங்க" என்றேன்.

ஹாரிகாவுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். "நல்லா வேலை தெரிஞ்சவருங்க. எதிர்த்த பட்டறைல பூந்தவனுக இங்கயும் வந்து முட்டியிருக்கானுக. இவரு ஓட்டையெல்லாம் அடைச்சு வெச்சதுனாலதான் திரும்பிப் போயிருக்கானுக. உங்க பையனுங்களா? வெளியூருங்களா?"

அப்பா என்னிடம் கேட்டார். "எத்தன நாளா?"

"போனதுல இருந்துங்ப்பா. ஒரு வாரங்கூட விடாம."

வெளியே கடைசல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா எழுந்தார். "வெளியாளுக்கு எதுக்குச் சாவி? எடுத்துப் போடு. நீயே எடு அம்மணி."

நானே எடுத்தேன். ஒரு வரிதான். அழித்துச் சேமித்தேன். தனியாக எடுத்து வைத்துக்கொள்ளக்கூட அந்த நேரத்தில் தோன்றவில்லை. பழைய பேக்கப்பிலிருந்து எடுக்கலாம் என்றால் அதற்கும் ஹாரிகா புதுப் பூட்டுப் போட்டுவிட்டுப் போனாள்.

ஏன் எடுத்தேன்? மாட்டேன் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்? எனக்கு அப்பா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருது, இந்த மனுசனுக்கு என்னதான் வேணும்?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

உள்ளே வர முயன்று முடியாமல்போனதையும் சிஸ்டம் எழுதி வைக்கிறது. வேறொரு பைலில்.

காலையில் கவின். அனுமதி இல்லை. கொஞ்சம் விட்டு மறுபடி கவின். அனுமதி இல்லை. மத்தியானம் மறுபடி.

அக்காவே அடைத்துவிட்டாள் என்று நினைத்திருப்பான். கச்சாயத்தைப் பற்றி எழுதிவிட்டு அடுத்த வாரமே கதவைச் சாத்தினால் வேறென்ன நினைப்பான்? அப்படி இல்லையடா என்று அறிவிப்பில் எழுதினாலும், உள்ளே வந்தால்தானே அவன் கண்ணில் படும்.

ஆகஸ்ட் 20, புதன்

மணி அடிக்கிற புரோகிராமை மாற்றி எழுதினேன். இனிமேல் கவின் உள்ளே வர முடியாமல் தட்டினாலும் அடிக்கும். அதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டால், ஒன்றும் இல்லை. கேட்டுக்கொண்டாவது இருப்பேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மணி அடித்தபோது அப்பா ஆபீசுக்குள் இருந்தார்.

"என்ன சத்தம் அது?"

அப்டேட் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "கவின் கதவத் தட்டறானுங்ப்பா. சாவி இல்லாததுனால உள்ள வர முடியல. வெளிய நிக்கறான்."

அப்பா பேப்பரைப் பிரித்துப் படித்தார். மறுபடி மணி அடித்தது. பேப்பரைத் திருப்பினார். மூன்றாவது தடவை அடித்தபோது, "அவனுக்குத் தெரியாதா, அடைச்சாச்சுன்னு?" என்றார்.

"தெரியுமுங்ப்பா."

"தெரிஞ்சும் எதுக்குத் தட்டறான்?"



ஆகஸ்ட் 31, ஞாயிறு

அப்பா இன்று காலைச் சாப்பாடு முடிந்ததுமே பேப்பரோடு ஆபீசில் வந்து உட்கார்ந்துவிட்டார். பங்காளி வீட்டு வளைகாப்புக்குப் போக வேண்டியது, இடுப்பு வலி என்று அம்மாவை மட்டும் அனுப்பிவிட்டார்.

மணி அடிக்க நேரமானது. அப்பா பேப்பரில் ஒரே பக்கத்தைப் பிடித்தபடி இருந்தார். "இன்னிக்கு வரலியா?" என்று கேட்டது என்னிடம் இல்லை, பேப்பரிடம்தான்.

கடைசியில் அடித்தது, ஒரே ஒரு தடவை. அப்பா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "எதுல தெரியுது?" என்றார். வரியைக் காட்டினேன். ஆங்கில எழுத்தில் இருந்த பெயரைக் கூட்டிப் படித்தார்.

செப்டம்பர் 4, வியாழன்

எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க ஹாரிகா மறுபடி வந்தாள். வேலை முடிந்து பையை மாட்டும்போது அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார். "ஏனுங்க, ஒரு பேச்சுக்குத்தான் கேக்கறன். எடுத்துப்போட்ட ஆளுக்கு மறுபடி சாவி குடுக்கோணும்னா என்ன பண்றதுங்க?"

"புதுச் சாவி வாங்கிப் போட்டாப் போதுமுங்க. ஆனா போன்லயோ மெயில்லயோ வர்றத நம்பிப் போட்டறாதீங்க. இப்பல்லாம் குரலக்கூடப் போலியா செஞ்சர்றாங்க. ஆளு நேர்ல வரட்டும். அவருதானான்னு உறுதி பண்ணிட்டுப் போடுங்க."

"நேர்லதான் வரோணுமா?"

"ஆமாங்க. அதுதான் ரூல்ஸு."

அவள் போனதும் அப்பா கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து போனை எடுத்தார். நம்பரை எங்கேயும் தேடவில்லை, விரல் தானாகப் போனது.

"நாந்தான்" என்றார். "சாவி போடோணுமாம். ஆளு நேர்ல வந்து காட்டோணுமாம். நாஞ் சொல்லல, அந்த கம்ப்யூட்டருப் புள்ள சொல்லிச்சு, அதுதான் ரூல்ஸாம்." நிறுத்தினார். போன் காதிலேயே இருந்தது. "ரெண்டு பேரும் வாங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். "யாருகிட்டீங்க பேசுனீங்க?"

"சிஸ்டம் வேலை" என்றார் அப்பா. பட்டறைக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

வந்தார்கள். கவின் இளைத்திருக்கிறான். யுவஸ்ரீ கையில் பூவும் பழமும் வைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ஆபீஸ் வாசலில் நின்றாள். அம்மா ஓடிப்போய் வாங்கிக்கொண்டாள், பிறகு அவள் கையை விடவே இல்லை. நான் கவினைக் கட்டிக்கொள்ளப் போனேன்.

"இரு அம்மணி, மொதல்ல சோலியப் பாப்போம்" என்றார் அப்பா. சிஸ்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. கண்ணாடி மூக்கில் இருந்தது. யாரையும் பார்க்கவில்லை, திரையையே பார்த்தார்.

"பேரு?"

கவின் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன்.

"கவினுங்க."

"அந்தப் புள்ள?"

"யுவஸ்ரீங்க மாமா" என்றாள் அவள்.

அப்பாவின் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. "அப்பன் பேரு?"

கவின் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். அப்பா இப்போது திரையிலிருந்து திரும்பி அவனை நேராகப் பார்த்தார்.

"சுப்பண்ணனுங்க."

"ஆளு செரிதான்" என்றார் அப்பா. கண்ணாடியைக் கழற்றினார். "சாவியப் போடு அம்மணி."

போட்டேன். அப்பா வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அம்மா எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டாள்.